இசைவாணி கேட்ட கேம்

பெட்டியின் மேல் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கட்டைவிரல் தனியாக, மற்ற நாலும் வரிசையாக, வெள்ளி நிறத்தில் பளபளவென்று.

"இத நான் எப்படித் திருப்பி எடுக்கிறது, நீங்களே சொல்லுங்க," என்றார் செய்யது அபுதாஹிர். பெட்டியைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டினார். "களவு போன வீட்டுல போலீசு பவுடர் தூவி எடுத்த ரேகை மாதிரியில்ல இருக்கு."

மாரிக்கண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். எலுமிச்சம்பழம் தேய்த்து, புளி தேய்த்து, கடைசியில் மண்ணெண்ணெய் விட்டும் கழுவிவிட்டுத்தான் விருதுநகர் பஸ் ஏறியிருந்தான். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக மருந்து கலக்குகிற கை அது. அலுமினியப் பவுடர் ரேகைக்குள்ளேயே குடியேறிவிட்டது. அவன் தொட்ட செம்பு, கதவு, சைக்கிள் ஹேண்டில்பார், மகளின் கன்னம் எல்லாவற்றிலும் கொஞ்சம் பளபளப்பு ஒட்டியிருக்கும். இந்த வீட்டுக்கு வெள்ளி சேரலைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது என்பாள் அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்வி.

"இது ரெண்டாவது பெட்டி, அண்ணே," என்றார் அபுதாஹிர். "மொதப் பெட்டியத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டு எங்க வீட்டுல அஞ்சறைப்பெட்டியா ஆக்கிட்டாக."

மாரிக்கண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், தும்மினான். பக்கத்து மண்டியில் வத்தல் மூடையை உதறிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கந்தகம் ஏறிய மூக்குக்கு மிளகாய் ஆகவில்லை.

விஷயம் இதுதான். அவன் மகள் இசைவாணிக்குப் பத்து வயசு, அஞ்சாம் வகுப்பு. ஆடி மாசத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. காலையில் அப்பன் வேலைக்குக் கிளம்பினதும் வாசப்படியில் வந்து உட்காருவாள். அவன் சைக்கிள் திரும்பி வந்த பிறகுதான் எழுந்திரிப்பாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருகிற கனியம்மாவின் அப்பன், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஆடியில் நடந்த விபத்தில் போய்விட்டான். கனியம்மாவை அவள் தாய் பிறந்த ஊருக்குக் கூட்டிப் போய்விட்டாள். தோழிக்காரி இல்லாத பெஞ்சில் தனியாக உட்கார மனசில்லை, அதுதான் கோளாறு என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு கட்டினார்கள்.

அடித்துப் பார்த்தார்கள். மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். டீச்சர் மூன்று தடவை ஆள் விட்டுவிட்டாள். நாலாம் தடவை பேரை அடித்துவிடுவாளாம்.

மாரிக்கண்ணன் மூன்றாம் வகுப்போடு பட்டாசுக்குத் திரி முடியப் போனவன். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. வீட்டில் ஒரு கையாவது வெள்ளியாகாமல் இருக்கணும். பேர் அடிபட்ட பிள்ளை அடுத்து எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். அவனே அந்த வழியாக வந்தவன்தான்.

அப்படி இருக்கிறபோதுதான் ஆவணியில் ஒரு நாள் அவளாகவே வந்து கேட்டாள். "யப்பா, கையில வச்சு வெளையாடுற கேம் ஒண்ணு வாங்கிக் குடு. நான் பள்ளிக்கூடம் போறேன்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இம்புட்டுத்தானா. இதுக்கா தாயத்து.

சிவகாசியில் கேட்ட கடையில் ஒரே ஒரு கேம்தான் இருந்தது, அதுவும் ஓடவில்லை. விருதுநகரில் அபுதாஹிர் பாய் கடையில் மெட்ராஸ் சரக்கு தினுசு தினுசாக இருக்கும் என்று சொன்னார்கள். முதல் தடவை வந்தபோது பாய் எடுத்துக் கொடுத்தது செங்கல் அளவுக்கு ஒரு சாமான். அட்டையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம் என்று போட்டிருந்தது. பாயின் மகள் சித்திகா பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "ஏழு கேம்தான் மாமா. மத்ததெல்லாம் அதே கேம், கொஞ்சம் வேகமா ஓடும்."

எப்படி ஆடுவது என்றும் காட்டிக் கொடுத்தாள். மேலிருந்து கட்டை கட்டையாக விழும். அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அந்த வரிசை காணாமல் போகும்.

மாரிக்கண்ணன் அதை மருந்துத் தட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டான். பட்டன் மேல் விரலை வைத்தான். விரல் அதற்கு மேல் இறங்கவில்லை.

"அழுத்துங்க மாமா."

"அழுத்திப் பழக்கமில்ல தாயி."

மருந்து ரூமில் எதையும் அழுத்தக் கூடாது, உரசக் கூடாது, தட்டக் கூடாது. அழுத்தினவன் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை. அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைகள் கூரை வரைக்கும் ஏறி நின்றுவிட்டன. சாமான் ஒரு மாதிரி அழுதது.

"செத்துட்டீக," என்றாள் சித்திகா.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுபடி மொதல்லேருந்து. எத்தனை தடவ வேணும்னாலும் சாகலாம்."

நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டு வாங்கி வந்தான்.

இசைவாணி அதை வாங்கிக்கொண்டாள். பட்டனை அழுத்திப் பார்க்கவில்லை. எடை பார்க்கிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்தாள், அடுப்படிக்குள் எடுத்துப் போனாள், திரும்பி வந்து நீட்டினாள். "பெருசா இருக்குப்பா. சின்னது வேணும்."

கேம் எத்தனை இருக்கு பாரு என்று அவன் அட்டையைக் காட்டினான். அவள் பார்க்கவே இல்லை.

அடுத்த வண்டியில் திருப்பிக் கொண்டுபோயிருந்தால் இத்தனை வம்பு இல்லை. சீசன் நேரம், நாலு நாள் அவனுக்கு நகர முடியவில்லை. அந்த நாலு நாளில் பாண்டிச்செல்வி அதைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிறவள், விரல் வேகத்துக்குத் தெருவிலேயே பேர் போனவள். ஒட்டுகிற விரலுக்கு அடுக்குகிற விளையாட்டு தோதாகப் போயிற்று. முதல் நாள் ரசம் சுண்டியது. இரண்டாம் நாள் பசை காய்ந்தது. மூன்றாம் நாள் தெருப் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "நீட்டுக் கட்டை வருதுடி, நட்டமா வையி," என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் பெட்டி எடுக்க வந்த ஆள் வெறும் சாக்கோடு திரும்பிப் போனான்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மாரிக்கண்ணன் தன் வீட்டிலேயே திருடிக்கொண்டு பஸ் ஏறினான். அதற்குப் பிறகு பாண்டிச்செல்வி அவனோடு பேசவில்லை. "ஒங்கப்பனைச் சாப்பிடச் சொல்லு," என்று மகள் வழியாகத்தான் சேதி வரும். சாப்பாட்டில் உப்பும் அவள் மனசுபோலத்தான் இருந்தது.

இரண்டாவது கேம் விலை கூட. உள்ளங்கை அளவு, கலர் படம், அதில் ஒரு கார் நிஜமான கார் மாதிரியே ஓடியது. அந்தக் கூடுதல் விலைக்காக அவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாகப் போர்மேன் சோலைச்சாமியிடம் சொன்னான். சோலைச்சாமிக்கு வாயெல்லாம் பல். தீபாவளி ஆர்டர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது, மருந்து கலக்குகிறவன் தானாக வந்து ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறான். மூன்று ஞாயிறு போன பிறகுதான் கேம் கைக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இசைவாணி காலைச் சோற்றையும் தொடாமல் வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள் என்று பாண்டிச்செல்வி தெருக்காரர்களிடம் சொன்னது, தெருக்காரர்கள் வழியாக அவன் காதுக்கு வந்தது.

அந்த கேமை இசைவாணி காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து நாலு சுற்றுச் சுற்றிக் காதில் வைத்தாள்.

"சத்தம் கேக்கலப்பா."

"துணியை எடுத்துட்டுக் கேளு தாயி."

"துணிக்குள்ள இருந்தாலும் கேக்கணும்."

எந்த ஊர்ப் பிள்ளை கேமைத் துணிக்குள் சுற்றி விளையாடும் என்று அவனுக்குப் புரியவில்லை. பாண்டிச்செல்விக்கே பேச்சு வந்துவிட்டது. "இது தாயத்துல நிக்கிற கோளாறு இல்ல," என்றாள். மூன்று வாரத்தில் அவள் அவனிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

ஆக, இப்போது கையில் ரேகை பதிந்த பெட்டியோடு மறுபடியும் அபுதாஹிர் கடையில் நிற்கிறான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் சித்திகாவிடம் கொடுத்தான். இனிமேல் தப்பு வரக் கூடாது என்று மகளிடமே எழுதி வாங்கி வந்திருந்தான். டீச்சர் வாரம் தப்பாமல் மெச்சுகிற கையெழுத்து.

சித்திகா சத்தமாக வாசித்தாள். "சின்னதா இருக்கணும். துணி சுத்தினாலும் சத்தம் கேக்கணும். வச்ச நேரத்துக்குத் தானா அடிக்கணும்." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. "மாமா, ஒங்க பிள்ள கேட்டுருக்கிறது கேம் இல்ல. சேவல்."

அபுதாஹிர் சிரித்துவிட்டார். மாரிக்கண்ணன் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு எந்திரிக்கத்தான் தாயி," என்றான். "மணி வச்சு எந்திரிக்கணும்னு நெனைக்கிது. படிக்கிற புத்தி அது."

சித்திகா முட்டிபோட்டு அடித் தட்டில் கையை விட்டு, தூசியோடு ஒன்றை எடுத்து வந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரே ஒரு கேம்தான்: மரத்திலிருந்து தேங்காய் விழும், கீழே ஒரு குரங்கு கூடையோடு ஓடி ஓடிப் பிடிக்கும். மூலையில் கடிகாரம். கடிகாரத்தில் அலாரம்.

"அத எடுக்காதம்மா," என்றார் அபுதாஹிர்.

அவள் அதற்குள் அழுத்திவிட்டாள். அந்தத் தீப்பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஆம்புலன்ஸ் கிளம்பி வந்தது. மண்டியில் மூடை உதறிக்கொண்டிருந்தவர்கள் உதறுவதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார்கள். எதிர்க் கடைக் கணக்குப்பிள்ளை எழுந்தே வந்துவிட்டார், எங்கன வெடி, எந்தக் கம்பெனி என்று விசாரித்துக்கொண்டு.

மூன்று வருஷமாக விற்காத சாமான். இதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அபுதாஹிரின் வீட்டுக்காரி சொல்லியிருந்தாளாம். அதைத் தள்ளிவிட்ட சந்தோஷத்தில் ரேகை பதிந்த பெட்டியை மறுபேச்சு இல்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். துண்டு ஒன்று கேட்டு வாங்கி, ஐந்து சுற்றுச் சுற்றி, மாரிக்கண்ணன் காதில் வைத்துப் பார்த்தான். கேட்டது. நன்றாகவே கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம், இரண்டு மாசத்துக்குப் பிறகு, இசைவாணி சிரித்தாள். கேமை அடுப்படிக்குள் எடுத்துப் போனாள், வெளியே வந்தாள், அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அலாரத்தைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"நீ கம்பெனி கேட்டுக்கு எத்தன மணிக்குப்பா போவ?"

"ஆறரைக்கு. ஏன் தாயி?"

"சும்மாதான்."

திங்கட்கிழமை காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போது அவள் யூனிபாரம் போட்டு, இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டி வாசலில் நின்றாள். மணி இன்னும் ஆறுகூட ஆகவில்லை. அலாரம் அடிக்கிறதுக்கு முந்தியே எந்திரிச்சுட்டாளே, பாய் கடைச் சாமானுக்கு வேலையே இல்ல போல என்று அவன் பாண்டிச்செல்வியைப் பார்த்துச் சொன்னான். பாண்டிச்செல்வியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூன்று கேமும் ஞாயிற்றுக்கிழமையும் உப்பில்லாத சோறும் எல்லாம் அந்த ரிப்பனில் சரியாகப் போயிற்று. சோற்றுத் தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மிதித்தான்.

கம்பெனி கேட்டில் வாச்மேன் அய்யாதுரை. அவரும் ஒரு காலத்தில் மருந்து கலக்கினவர்தான். இப்போது வலது கையில் மூன்று விரல் மிச்சம். அந்த மூன்று விரலால்தான் உள்ளே போகிற எல்லோரையும் தடவிச் சோதிப்பார். பீடி, தீப்பெட்டி இருந்தால் ஒரு வாரம் வேலை கிடையாது. செல்போனோ பேட்டரி போட்ட வேறெதுவுமோ இருந்தால் அன்றோடு சரி. அதுவும் இந்தக் கம்பெனியில் மட்டும் இல்லை. முதலாளி சுற்றுவட்டாரத்துக் கம்பெனி எல்லாவற்றுக்கும் பேரைச் சொல்லிவிடுவார். அப்புறம் அவனை எவனும் மருந்து வாசத்துக்குப் பக்கத்திலேயே விடமாட்டான்.

மாரிக்கண்ணனுக்குச் சோதனை என்பது பேருக்குத்தான். அய்யாதுரை தோளில் ஒரு தட்டுத் தட்டி, போ என்பார். தூக்குவாளியைத் திறந்து பார்த்ததே இல்லை. அன்றைக்கு என்னமோ நிறுத்தி வைத்துப் பேச்சுக் கொடுத்தார். மழை வருமா என்று கேட்டார். வைப்பாற்றில் தண்ணி வந்துச்சாமே என்றார். பாப்பா பள்ளிக்கூடம் போகுதா என்று கேட்டார்.

"இன்னையிலேருந்து போகுதுண்ணே," என்று சொல்லி மாரிக்கண்ணன் வாயை மூடவில்லை, தூக்குவாளி அலறியது.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் என்ன என்று யோசிக்கிற பழக்கம் கிடையாது. ஓடுவதுதான். வரிசையில் நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். லோடு ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலியைத் தாண்டினார்கள். போர்மேன் சோலைச்சாமி ஆபீசிலிருந்து வெளியே வந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாரிக்கண்ணன் மட்டும் ஓடவில்லை. பழகின கை. தூக்குவாளியைக் குலுங்காமல் ஏந்திக்கொண்டு போய், வரிசையாக வைத்திருந்த மணல் வாளி ஒன்றில் இறக்கி, இரண்டு கையாலும் மணலை அள்ளி மூடினான்.

மணலுக்குள்ளிருந்தும் கேட்டது. பாய் கொடுத்தது நல்ல சரக்குதான்.

சத்தம் தானாக ஓய்ந்த பிறகு சோலைச்சாமி வந்து மணலை ஒதுக்கித் தூக்குவாளியைத் திறந்தார். பழைய சோற்றின் மேல், துணி சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, குரங்கு தேங்காய் பிடித்துக்கொண்டிருந்தது.

சோலைச்சாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் மாரிக்கண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பிள்ள தெரியாம வச்சிருச்சு," என்று அவன் நாலு தடவை சொன்னான். நாலு தடவையும் சோலைச்சாமி ஒன்றையே திருப்பிக் கேட்டார். "இது பத்து நிமிசம் கழிச்சு மருந்து ரூமுக்குள்ள அடிச்சிருந்தா?"

அப்படி அடித்திருந்தால் மருந்து ரூமில் பதில் சொல்ல ஆளே இருந்திருக்காது.

முதலாளிக்குப் போன் போயிற்று. அரை மணி நேரத்தில் எல்லாக் கம்பெனிக்கும் போன் போயிற்று. பன்னிரண்டு வருஷம் முடிய அரை மணி நேரம்தான் ஆனது.

வெளியே சீமைக்கருவேல மரத்து நிழலில் போய் உட்கார்ந்தவன் ஒன்பது மணிக்கு மேலும் எழுந்திரிக்கவில்லை. இனி எந்த வேலைக்குப் போவது. இந்தக் கையோடு போனால் வத்தல் மண்டியில் மூடையைத் தொட விடமாட்டார்கள். ஓட்டலில் தட்டு எடுக்க விடமாட்டார்கள். அச்சாபீசில் காகிதத்தின் பக்கத்திலேயே சேர்க்கமாட்டார்கள். உலகத்தில் எந்த வேலையும் சுத்தமான கையைத்தான் கேட்கிறது. அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை, கை அழுக்கானாலும் ஆள் மெதுவாக இருந்தால் போதும் என்கிற வேலை. அதுவும் போயிற்று.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருக்கும். பேர் கூப்பிட்டிருப்பார்கள். இரண்டு மாசம் கழித்து அவள் உள்ளேன் டீச்சர் என்று சொல்லியிருப்பாள்.

அய்யாதுரை வந்தார். ஒரு கையில் தூக்குவாளி, மூன்று விரல் கையில் அந்தக் கேம். இரண்டையும் அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒங்க காலப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன்," என்றான் மாரிக்கண்ணன். "இந்தக் கேமாலதான் எனக்கு வேலை போச்சுன்னு எம்மகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்பனும் வெளையாடட்டும்னு ஆசையா வச்சிருக்கும். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிரும். இன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கு, மறுபடி வாசப்படியில வந்து உக்காந்துரும்."

அய்யாதுரை காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். பற்ற வைக்காமல் மூன்று விரலிலும் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே மாரி, 'எதைக் கொண்டாந்தா எங்கப்பாவ எந்தக் கம்பெனியிலயும் சேக்கமாட்டாக பெரியப்பா'ன்னு ஆவணியிலேயே ஒம்மக இங்கன வந்து கேட்டுச்சு, 'பேட்டரிச் சாமான் எதுன்னாலும் சரி, ஆனா நான் தூக்குவாளியத் தெறந்து பாக்கிறதில்ல, அதனால கேட்டுல வச்சே சத்தம் போடுறதா பாத்து வாங்கச் சொல்லு தாயி'ன்னு நான்தாம்லே சொல்லிவிட்டேன்."